சிவப்புப் பூப் பதித்த 25 சதம்: நிறக் காசு பற்றிக் கேட்ட தம்பிக்கு

கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த சித்தப்பா, திரும்பிப் போகும்போது பையில் மிஞ்சிய சில்லறையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு 25 சதக் குற்றியின் நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு பூ. ஆண்டு 2004. "இது உண்மையான காசா, யாராவது பெயின்ற் பூசியதா? இலட்சக் கணக்கில் விலை போகும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள், மெய்யா? அழுக்கேறி இருக்கிறது, கழுவலாமா? எங்கள் நாட்டில் ஏன் இப்படிக் காசு அடிப்பதில்லை?" இவைதான் கேள்விகள்.

சுருக்கமாகச் சொன்னால்: உண்மையான காசுதான். இலட்சமும் இல்லை, ஆயிரமும் இல்லை. கழுவ வேண்டாம். பழப்புளி போட்டுத் தேய்க்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தால், அவரைத் தடுத்து நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள். நான்காவது கேள்விக்குத்தான் நீளமான பதில் வேண்டும். அதற்கு முன் உங்கள் கையில் இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

உலகத்தில் அன்றாடப் புழக்கத்துக்கென்று நிறம் ஏற்றி வெளியிடப்பட்ட முதல் நாணயம் அதுதான். அரச கனடிய நாணயசாலை 2004 ஒக்ரோபரில் அதை வெளியிட்டது. ஏறத்தாழ 3 கோடிக் குற்றிகள். அப்போது கனடாவின் சனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆளுக்கொன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மகுடம் இல்லாத, முதிய எலிசபெத் மகாராணியின் முகம். மறுபக்கம் மேப்பிள் இலை, அதன் நடுவில் சிவப்புப் பொப்பிப் பூ, கீழே "நினைவுகொள்" என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதிய நாடா. போர்களில் இறந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கனடியப் படையினரின் நினைவாக அடித்தது. முதல் உலகப் போர்க்களத்தில் ஒரு கனடிய மருத்துவர் எழுதிய கவிதையிலிருந்து அந்தப் பூ நினைவுச் சின்னமாயிற்று. நவம்பர் 11ஆம் திகதி நெருங்கும்போது அங்கே எல்லோர் சட்டையிலும் அது குத்தியிருக்கும். நவம்பர் மாதமும் சிவப்புப் பூவும் நினைவும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன என்று யாழ்ப்பாணத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. அதனால் மேலே போகிறேன்.

அந்தக் காசு மக்கள் கைக்குப் போன வழி எனக்கு மிகவும் பிடித்தது. வங்கிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைகள் வழியாகவே மிச்சக் காசாக விட்டார்கள். ஸ்காபரோவில் இரவு வேலை முடிந்து விடியற்காலைப் பனியில் நம் சித்தப்பாமார் கோப்பி வாங்கும் அதே கடைதான். கோப்பிக்குக் காசு கொடுத்தவர் கையில், கேளாமலே, இறந்தவர்களுக்கான ஒரு பூ வந்து விழுந்தது. காட்சிப் பெட்டியில் வைத்து விற்கும் வெள்ளிக் காசால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதை வாங்குபவர் தேடிப்போய் வாங்குகிறார். புழக்கக் காசு தேடாதவனையும் தேடி வருகிறது.

இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காணொளிக்காரர் குழப்புவது இங்கேதான். காசுக்கு நிறம் பூசுவது புதிய பழக்கம் இல்லை. விக்ரோரியா மகாராணி காலத்தில் பேர்மிங்ஹாம் கைவினைஞர்கள் வெள்ளிக் காசின் முகத்தைச் செதுக்கி, குழிகளில் எனாமல் நிரப்பிச் சுட்டு, சேலைக்குக் குத்தும் புரோச் போல ஆக்கி விற்றார்கள். அது நகை, காசில்லை. 1992இல் பசிபிக் தீவு நாடான பலாவுவின் பெயரில் கடல்வாழ் உயிரினங்களைக் காட்டும் நிற நாணயங்கள் வந்தன. அதன் பிறகு குட்டித் தீவு நாடுகள் பலவற்றின் பெயரில் மீனும் கிளியும் கார்ட்டூன் பொம்மையும் நிறநிறமாக வெளிவந்து, வெல்வெட் பெட்டியில் உட்கார்ந்தன. அவற்றில் ஒரு டொலர், இரண்டு டொலர் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த நாட்டுக் கடைக்காரர் அதைக் கண்டிருக்கவே மாட்டார். மூன்றாவது வகையும் உண்டு. குவாட்டர் எனப்படும் சாதாரண அமெரிக்க 25 சதக் காசுகளை வாங்கி, தனியார் நிறுவனங்கள் தாங்களே நிறம் அச்சிட்டு விற்றவை. சேகரிப்பவர்களின் கணக்கில் அது பழுதாக்கப்பட்ட காசு, வேறொன்றும் இல்லை.

ஆகவே "நிறக் காசு அரிது" என்பது அரை உண்மை. நிறக் காசுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நிறத்தோடு கடைத்தெருவில் இறங்கி நடந்தவைதான் சில. உங்களுடையது அந்தச் சிலவற்றுள் மூத்தது. ஆனால் மூத்தது என்பதற்காக அருமையானது ஆகிவிடாது. 3 கோடி அடித்த பொருள் எங்கே அரிதாகும்?

இனி நிறம் எப்படி ஏறுகிறது என்பதைப் பார்ப்போம். உங்கள் குற்றியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. நகைக்கடையில் தரம் பார்க்கும் சிறிய பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கஸ்தூரியார் வீதியில் நகைத் தொழிலாளருக்கான பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். காசு ஓடிவந்து ஒட்டும். கனடாவின் இக்கால 25 சதம் நிக்கல் இல்லை. நூற்றுக்கு 94 பங்கு உருக்கு. அதன் மேல் மெல்லிய நிக்கலும் செம்பும் முலாமாக ஏறியிருக்கின்றன. எடை 4.4 கிராம், குறுக்களவு 23.88 மில்லிமீற்றர். ஒட்டவில்லை என்றால் அது இந்தக் காசு இல்லை.

அடுத்து, காசைச் சாய்த்துப் பிடித்துப் பூவைப் பாருங்கள். பூ விளிம்பின் உயரத்துக்கு வராது, தாழ்ந்து இருக்கும். இது தற்செயல் இல்லை. காசுகள் பையில் ஒன்றோடொன்று உரசும்போதும், கடை மேசையில் இழுபடும்போதும், அடி வாங்குவது உயர்ந்த விளிம்பு. நிறம் பள்ளத்தில் இருந்தால் அது கொஞ்சக் காலம் தப்பும். அச்சைச் செதுக்கும்போதே இந்தப் பள்ளத்தைக் கணக்குப் பார்த்து வைக்கிறார்கள். நிறம் ஏற வேண்டிய பரப்பைக் கண்ணாடிபோல் மினுக்காமல் சற்றுச் சொரசொரப்பாக விடுவதும் வழக்கம். மினுக்கிய உலோகத்தில் மை பிடிக்காது, உரிந்து வந்துவிடும்.

அச்சில் அடிப்பது வேகமான வேலை. ஒரு நவீன இயந்திரம் நிமிடத்துக்கு 700 குற்றிகளுக்கு மேல் அடித்துத் தள்ளும். நிறம் ஏற்றுவது அப்படியில்லை. அடித்து விழுந்த காசு எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பூ இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். அதுமட்டும் போதாது, இலையின் காம்பு நேர் கீழே நோக்குமாறு ஒவ்வொரு காசையும் திருப்பி நிறுத்த வேண்டும். கமரா பார்த்துச் சொல்ல, இயந்திரம் திருப்பும். அரை மில்லிமீற்றர் விலகினாலும் சிவப்பு இதழைத் தாண்டி இலையில் வழிந்து நிற்கும். கோடிக் கணக்கில் இதைச் செய்யக் கற்றுக்கொண்டதுதான் 2004இன் உண்மையான சாதனை. பூவை வரைவது பெரிய காரியமில்லை.

இன்று இதற்குப் பரவலாகப் பயன்படுவது பாட் பிரின்டிங் என்னும் முறை. ஒரு தட்டில் பூவின் வடிவம் மிக ஆழமில்லாமல் அரித்து எடுக்கப்பட்டிருக்கும். அந்தக் குழியில் மையை நிரப்பி, மேலே மிஞ்சியதை ஒரு கத்தி வழித்துவிடும். மெத்தென்ற சிலிக்கோன் திண்டு ஒன்று இறங்கி, குழியில் இருக்கும் மையை ஒற்றி எடுத்துக்கொண்டு வந்து காசின் மேல் அழுத்தும். திண்டு மெத்தென்று இருப்பதால் காசின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். தட்டையான கடதாசி அச்சு இங்கே தோற்கும் இடம் அதுதான். ஒரு நிறத்துக்கு ஒரு தட்டு, ஒரு திண்டு, ஒரு ஒற்றல். ஐந்து நிறம் என்றால் ஐந்து முறை, ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். பிறகு வெப்பத்தாலோ புறஊதாக் கதிராலோ மையை இறுக வைப்பார்கள். அதன் மேல் நிறமற்ற பாதுகாப்புப் படலம் ஒன்றும் பூசுவதுண்டு.

மையின் கனம் தலைமயிரைவிடக் குறைவு. அதனால் காசின் எடை மாறுவதில்லை. சில்லறை போட்டால் சோடாப் போத்தல் தரும் இயந்திரங்களும் அதைத் தடுப்பதில்லை. அவை பார்ப்பது உலோகத்தின் மின்காந்தத் தன்மையையும் அளவையும். பூவின் நிறத்தை அவை கவனிப்பதில்லை.

மனிதர்களோ கவனித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே கவனித்தார்கள். கனடாவுக்கு வந்துபோன அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்கள் சிலர், தங்களைக் கண்காணிக்க யாரோ உளவுக் கருவி பொருத்திய காசுகளைத் தந்திருக்கிறார்கள் என்று முறையிட்டார்கள். ஒருவருக்கு அது வாடகைக் காரின் கோப்பை வைக்கும் இடத்தில் கிடைத்தது. இன்னொருவருக்குக் கோட்டுப் பைக்குள். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, பல அடுக்குகள் தெரிகின்றன, கம்பி வலைபோல் ஏதோ இருக்கிறது, இது நானோ தொழில்நுட்பமாக இருக்கலாம் என்று அறிக்கை எழுதினார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று கனடியக் காசுகளில் வானொலி அலைபரப்பிகள் இருப்பதாக எச்சரிக்கையே விட்டது, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. 2007இல் உண்மை வெளியே வந்தபோது, அந்தப் பயங்கரக் கருவி வேறொன்றுமில்லை, உங்கள் கையில் இருக்கும் அதே பொப்பிப் பூக் காசு. அவர்கள் கண்ட அடுக்குகள் பூவின் மேல் பூசிய பாதுகாப்புப் படலம். எங்கள் பக்கத்தில் சோதனைச் சாவடிகளில் மின்கலத்துக்கும் பேனாவுக்கும் விளக்கம் சொல்லி நின்ற தலைமுறைக்கு இதில் சிரிக்கவும் இடமுண்டு, பெருமூச்சு விடவும் இடமுண்டு.

சரி, இத்தனை கவனமாக ஏற்றிய நிறம் நிலைத்ததா? இல்லை. சாதாரணப் புழக்கத்தில் நிறம் சில ஆண்டுகள் தாங்கும் என்று நாணயசாலை எதிர்பார்த்தது. மக்களின் கை அதைவிடக் கடுமையானது. இதழ்களின் ஓரம் முதலில் தேய்ந்தது, பிறகு நடு. வேண்டுமென்றே சுரண்டி எடுப்பதும் எளிதாக இருந்தது. அது ஒரு விளையாட்டாகவே ஆகி, சிவப்பை எடுத்துவிட்டு நீலமும் பச்சையும் பூசி "அரிய பிழைக் காசு" என்று விற்றவர்களும் உண்டு. ஆகவே யாராவது உங்களுக்கு நீலப் பொப்பி, மஞ்சள் பொப்பி என்று காட்டினால் அது நகப்பூச்சு வேலை. நிறமே இல்லாத 2004 பொப்பியைக் காட்டி "நிறம் ஏற்ற மறந்த காசு" என்றால் அதையும் நம்பாதீர்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கோடுகளின் அடிமடிப்பில், கை எட்டாத இடத்தில், சிவப்பு ஒரு துளியாவது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

உங்கள் குற்றியின் பூ ஒரு பக்கம் வெளிறி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். விலைக்கு அது குறை. எனக்கு அது குறையில்லை. என் தகரப் பெட்டியிலும் இரண்டு வகையும் இருக்கின்றன. நாணயசாலை உறையில் வந்த, கை படாத சிவப்பும் இருக்கிறது. பாதி உதிர்ந்த சிவப்பும் இருக்கிறது. யாராவது பார்க்கக் கேட்டால் நான் எடுத்துக் காட்டுவது இரண்டாவதைத்தான். புழக்கத்துக்கென்று பிறந்த காசு புழங்கியதற்கு அதுவே அத்தாட்சி.

2004உடன் கனடா நிறுத்தவில்லை. 2006இல் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக இளஞ்சிவப்பு நாடா பதித்த 25 சதம். 2008, 2010, 2015 ஆண்டுகளில் மீண்டும் பொப்பி. வன்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி விளையாட்டு வீரர்கள். 2011இல் காட்டெருமையும் ஓர்க்காத் திமிங்கிலமும் வல்லூறும். இந்தக் கட்டத்தில் ஒரு புதிய தந்திரம் செய்தார்கள்: ஒரே வடிவத்தில் ஒரு பங்கை நிறத்தோடும் மற்றப் பங்கை நிறமில்லாமலும் விட்டார்கள். சேகரிப்பவர் இரண்டையும் தேடுவார் அல்லவா? நாணயசாலைக்கும் வயிறு இருக்கிறது.

இவற்றில் என்னைத் திடுக்கிட வைத்தது 2017இன் இரண்டு டொலர். கனடாவின் 150ஆவது ஆண்டுக்காக அடித்தது. இரவு வானில் வடதுருவ ஒளி, கீழே ஓடத்தில் துடுப்புப் போடும் இருவர். பகலில் பார்த்தால் நீலமும் பச்சையும். விளக்கை அணைத்தால் வானம் மட்டும் மெல்ல ஒளிரும். இருட்டில் ஒளிரும் முதல் புழக்க நாணயம் அதுதான். மையில் ஒளியைச் சேமித்து வைத்து மெதுவாக விடும் பொருளைக் கலந்திருக்கிறார்கள். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினால் காசின் பெறுமதி பற்றி ஒரு கேள்வியும் வராது, போர்வைக்குள் கொண்டுபோய்விடுவார்கள். 2021இல் இன்சுலின் கண்டுபிடிப்பின் நூற்றாண்டுக்கும், 2022இல் ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கார் பீற்றர்சனுக்கும் நிறக் காசுகள் வந்தன. மகாராணி இறந்த பிறகு 2022இல் வந்த இரண்டு டொலருக்கு வெளிவளையம் கறுப்பு. ஆனால் அது மை இல்லை, கறுப்பு நிக்கல் முலாம். துக்கக் கறுப்பை உலோகத்திலேயே கொண்டுவந்தது எனக்கு இதுவரை வந்த நிறங்களிலேயே மிக அடக்கமானதாகத் தோன்றுகிறது.

அவுஸ்திரேலியா பின்னால் வந்தது, ஆனால் விடாமல் ஓடுகிறது. 2012இல் அவர்களின் முதல் நிறப் புழக்கக் காசு, அதுவும் பொப்பிப் பூத்தான், இரண்டு டொலரில். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மட்டுமே விட்டார்கள். கனடாவின் 3 கோடியோடு ஒப்பிட்டால் ஏன் அதைச் சேகரிப்பவர்கள் துரத்துகிறார்கள் என்று விளங்கும். 2013இல் முடிசூட்டின் அறுபதாம் ஆண்டுக்கு ஊதா வளையம். பிறகு பச்சை, செம்மஞ்சள், 2016 ஒலிம்பிக்குக்கு ஐந்து காசுகளில் ஐந்து நிறம், 2020இல் தீயணைப்புப் படையினருக்கு என்று ஏறக்குறைய ஆண்டுதோறும் வருகின்றன. அவர்களின் இரண்டு டொலர் பொன்னிறமான சிறிய காசு, குறுக்களவு 20.5 மில்லிமீற்றர். அவ்வளவு சின்ன இடத்தில் நிறத்தைப் பிசகாமல் ஒற்றுவது கைகாரத்தனம்தான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வந்தால் நினைவு எங்கே, நாட்காட்டி எங்கே என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. நியூசிலாந்து அளவறிந்து செய்கிறது: 2015இல் அன்சாக் எனப்படும் முதல் உலகப் போர்க்கால அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் நூற்றாண்டுக்கு ஒரு 50 சதம், 2018இல் முதல் உலகப் போர் முடிந்த நூற்றாண்டுக்கு இன்னொரு 50 சதம்.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கை மத்திய வங்கி ஞாபகார்த்த நாணயக் குற்றிகளை வெளியிடாமல் இல்லை. நிறமில்லாமல் வேறு வழிகளில் கண்ணைக் கவர்ந்திருக்கிறது. வீடற்றோருக்கான உறைவிட ஆண்டுக்கு 1987இல் வந்த 10 ரூபா சதுரமானது, மூலைகள் மழுங்கியது. 1998இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்த 10 ரூபா இரு உலோகத்தால் ஆனது. கிரிக்கெட் உலகக் கிண்ண வெற்றிக்கு 5 ரூபா. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, 2013 என்று ஆண்டு பொறித்த மாவட்ட வரிசை: 25 நிர்வாக மாவட்டங்களுக்கு ஒவ்வொரு 10 ரூபா, பதினொரு பக்கம் கொண்ட காசு. பஸ் நடத்துநர் தந்த மிச்சத்தில் யாழ்ப்பாணம் வந்தால் எடுத்து வைத்தவர்களையும், மாத்தறையும் மொனராகலையும் தேடி நண்பர்களிடம் மாற்றிக்கொண்டவர்களையும் இங்கே கண்டிருக்கிறேன். கடையில் வாங்கிய பொருளின் மிச்சத்தில் வந்து விழுவதுதான் புழக்க ஞாபகார்த்தக் காசின் இன்பம். அதற்கு நிறம் கட்டாயமில்லை என்பதற்கு இந்த வரிசையே சாட்சி.

பிறகு ஏன் நிறம் இல்லை? முதல் காரணம் கணக்கு. இலங்கைக்குச் சொந்த நாணயசாலை இல்லை. வெளிநாட்டு நாணயசாலைகளில் அடித்துத்தான் கொண்டுவர வேண்டும். கூலி வெளிநாட்டுப் பணத்தில். ரூபாவின் பெறுமதி இறங்க இறங்க, காசின் உலோகத்துக்கும் அடிகூலிக்கும் அதன் முகப்பெறுமதிக்கும் இடையிலான இடைவெளி சுருங்குகிறது. 2005இல் முலாம் பூசிய உருக்குக்கும், 2017இல் கறையில்லா உருக்குக்கும் மாறியது அந்தச் சுருக்கத்தால்தான். அவுஸ்திரேலியரின் இரண்டு டொலரில் மைக்கும் ஒற்றலுக்கும் இடம் இருக்கிறது. 10 ரூபாவில் இல்லை. ஒரு ரொபி வாங்கினால் தீர்ந்துபோகும் காசுக்கு ஐந்து முறை சிலிக்கோன் திண்டு இறங்குவதை எந்தக் கணக்காளர் அனுமதிப்பார்?

இரண்டாவது காரணம் கணக்கில் வராது. புழக்கக் காசில் ஒரு நினைவைப் பதித்தால் அது எல்லோர் பைக்குள்ளும் போகிறது, விரும்பியவர், விரும்பாதவர் என்று பார்க்காது. எல்லோருக்கும் பொதுவான நினைவு இருக்கும் நாட்டில் அது எளிது. நமக்கு எந்தப் பூவை, எந்த நிறத்தில், எந்த மாதத்தில் பதிப்பது? நான் மத்திய வங்கியில் இருந்தால் மனிதர்களை விட்டுவிட்டு மரங்களில் தொடங்குவேன். பனை ஓலைக்குப் பச்சை ஒரு ஒற்றல் போதும். மாவட்ட வரிசையைப்போல அதையும் சனம் தேடும்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது நம் பழைய காசையும் சொல்லிவிடுகிறேன், கழுவலாமா என்ற உங்கள் கேள்விக்கும் அது பதில். யாழ்ப்பாண இராச்சியத்தின் ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசு, சிறிய செப்புக் காசு. ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழ் தமிழில் "சேது". மண்ணிலிருந்து எடுக்கும்போது அதன் மேல் பச்சையும் கருஞ்சிவப்பும் கலந்த ஒரு தோல் இருக்கும். நூற்றாண்டுகள் ஏற்றிய நிறம் அது. குத்துவிளக்கு மினுக்குவதுபோல் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, நந்தியின் முகத்தையும் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிட்டவர்கள் நம் ஊரில் கொஞ்சமில்லை. பிறகு அது பளபளக்கும் செப்புத் துண்டு, காசில்லை.

நிறக் காசுக்கும் அதே எச்சரிக்கை, இன்னும் கடுமையாக. வெறும் உலோகக் காசில் ஒட்டிய பசையை எடுக்கச் சேகரிப்பவர்கள் அசற்றோன் பயன்படுத்துவார்கள். நிறக் காசில் ஒரு துளி பட்டாலும் பூ பஞ்சோடு வந்துவிடும். நகப்பூச்சு நீக்கியிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. பல் துலக்கும் பசை, திருநீறு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அழுக்கு உறுத்தினால் வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் இட்டு எடுத்து, மெத்தென்ற பருத்தித் துணியில் ஒற்றுங்கள். தேய்க்காமல் ஒற்றுங்கள். ஈரம் ஒரு துளியும் நிற்கக் கூடாது. உள்ளே இருப்பது உருக்கு. முலாமில் கீறல் விழுந்த இடத்தில் நம் உப்புக் காற்று பட்டால் துரு புறப்படும். கரையோரத்தில் இருப்பவர்கள் வாசலில் துருப்பிடிக்கும் இரும்புக் கேற்றைப் பார்த்துக்கொண்டால் போதும்.

வைப்பதற்கு வாசனை வீசும் மலிந்த பிளாஸ்டிக் உறை வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுப்பை விட்டு நிறத்தையும் உலோகத்தையும் கெடுக்கும். அமிலமில்லாத காகித அட்டைச் சட்டகம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சுத்தமான வெள்ளைக் கடதாசியில் மடித்து, காற்றுப் புகாத சிறிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். மருந்துப் போத்தலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வருமே, அதேதான். வெயில் படும் யன்னலோரக் காட்சி அலுமாரி அழகாக இருக்கும், ஆனால் வெயிலில் சிவப்பு வெளிறும்.

விலை. கை படாத 2004 பொப்பியைக் கனடாவிலேயே ஓரிரு டொலருக்கு வாங்கலாம். தேய்ந்தது 25 சதத்துக்கு 25 சதம்தான். யாழ்ப்பாணத்தில் நாணயமாற்றுக் கடைக்காரர் தாள் காசைத்தான் எடுப்பார், வெளிநாட்டுக் குற்றியை எடுக்கமாட்டார். ஆகவே அதை விற்று நீங்கள் ஒரு பஸ் டிக்கெட்டுக்குக்கூடச் சிரமப்படுவீர்கள். இலட்சம் என்று சொல்லும் காணொளிகள் பார்வைக்காகச் சொல்பவை. அவற்றில் இன்னும் மோசமான ஒரு வகை இருக்கிறது: "உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்று கேட்பவர்கள். காசு வாங்குபவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

சேகரிக்கும் ஆசை பிறந்துவிட்டது என்றால், சித்தப்பாவிடம் அடுத்த முறை விமானநிலையக் கடையில் பெட்டிக் காசு வாங்கிவர வேண்டாம் என்று சொல்லுங்கள். தன் வீட்டுச் சில்லறைப் போத்தலைக் கவிழ்த்து 2006இன் இளஞ்சிவப்பு நாடாவையும் 2017இன் இரண்டு டொலரையும் தேடச் சொல்லுங்கள். இரண்டும் முகப்பெறுமதிக்கே கிடைக்கும். மெல்பேணிலோ சிட்னியிலோ பெரியம்மா, மச்சான் யாராவது இருந்தால் 2012 என்று போட்ட, சிவப்புப் பூவுள்ள இரண்டு டொலரைக் கேளுங்கள். அது மட்டும் இன்று முகப்பெறுமதியைவிடப் பல மடங்கு போகிறது, அதனால் அவர்கள் கொடுக்க யோசிப்பார்கள்.